கரண்ட் கம்பியும் கேன்சர் பூச்சாண்டியும்

நாலு வருஷம் டிரிபிள் ஈ படிச்சிட்டு, இப்ப பெங்களூர்ல பொட்டி தட்டிட்டு இருக்கேன். மோட்டார், டிரான்ஸ்பார்மர் எல்லாம் காலேஜ் லேப்ல பார்த்ததோட சரி. ஆனா சொந்தக்காரங்க விடறதா இல்லை. "நீதான் கரண்ட்டுக்குப் படிச்சவனாச்சே"ன்னு ஆரம்பிச்சு, ஃபேன் ரெகுலேட்டர்ல இருந்து இன்வெர்ட்டர் பேட்டரி வரைக்கும் எல்லாத்துக்கும் எனக்குத்தான் போன் வரும். அதுல மாசத்துக்கு ஒரு தடவையாவது வர்ற கேள்வி இது: "ஹெச்.டி. லைனுக்குப் பக்கத்துல இடம் வாங்கலாமா? கேன்சர் வருமாமே?"

ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போன்ல சொல்லிச் சொல்லித் தொண்டை வத்திப் போச்சு. அதனால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோவமும் இருக்கும். முன்கூட்டியே சொல்லிட்டேன் :-)

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். உயர் மின்னழுத்தக் கம்பியால கேன்சர் வரும்ங்கறதுக்கு இருக்கற ஆதாரம் ரொம்பப் பலவீனமானது. ஆனா அதே கம்பி வேற விதத்துல நம்ம ஊர்ல ஆளைக் கொல்லுது, நிலத்தைத் தின்னுது. அதுக்கு ஆதாரம் தேடவே வேண்டாம், பேப்பரைப் பிரிச்சாப் போதும். கேன்சர் பூச்சாண்டியை முன்னால நிறுத்தி நிறுத்தி, நிஜமான இந்த ரெண்டு சண்டையிலயும் நாம தோத்துக்கிட்டே இருக்கோம்.

டியூப்லைட் வித்தை

நான் கொங்கு நாட்டுக்காரன். 2018, 2019 வாக்குல எங்க பக்கம் உயர்மின் கோபுரங்களை எதிர்த்து விவசாயிகள் உண்ணாவிரதம், காத்திருப்புப் போராட்டம்னு உட்கார்ந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். சத்தீஸ்கர் ராய்கர்ல இருந்து கரூர் பக்கம் புகளூர் வரைக்கும் வர்ற 800 கிலோவோல்ட் லைன், புகளூர்ல இருந்து கிளம்பற 400 கிலோவோல்ட் லைன்கள், இதுக்கெல்லாம் காட்டுக்குள்ள கோபுரம் நடறதுக்கு எதிரான போராட்டம். அப்ப சுத்தின வீடியோக்கள்ல ரொம்பப் பிரபலமானது டியூப்லைட் வீடியோ. கம்பிக்கு அடியில ஒருத்தர் டியூப்லைட்டைக் கையில பிடிச்சுட்டு நிப்பார். எந்த இணைப்பும் இல்லாம அது எரியும். "டியூப்லைட்டே எரியுதே, நம்ம உடம்பு என்னாகும்?"னு பின்னணியில ஒரு குரல்.

டியூப்லைட் எரியறது நிஜம், மாயமந்திரம் இல்லை. கம்பிக்கும் தரைக்கும் நடுவுல மின்புலம் இருக்கு. 400 கிலோவோல்ட் லைனுக்கு நேர் கீழ, மீட்டருக்குச் சில ஆயிரம் வோல்ட் கணக்குல. டியூப்புக்குள்ள இருக்கற வாயு மங்கலா ஒளிர அது போதும். இங்கிலாந்துல பிரிஸ்டலுக்குப் பக்கத்துல ரிச்சர்ட் பாக்ஸ்னு ஒரு கலைஞர், 2004-ல இப்படி ஒரு லைனுக்கு அடியில 1,301 டியூப்லைட்டை வயல்ல நட்டு வச்சு, ராத்திரியில எல்லாம் எரியறதை ஜனங்களுக்குக் காட்டினார்.

ஆனா டியூப்லைட் வேற, உடம்பு வேற. டியூப்புக்குள்ள இருக்கறது குறைஞ்ச அழுத்தத்துல அடைச்ச வாயு. சின்ன உந்துதல் கிடைச்சாலே மினுங்கும். நம்ம உடம்போ உப்புத்தண்ணி மூட்டை. நல்லா மின்சாரம் கடத்தும்ங்கறதால, வெளியில இருக்கற மின்புலத்துல ரொம்ப ரொம்பச் சின்ன பங்குதான் உள்ள போகும். அதோட மின்புலத்தை மரம், சுவர், கூரை எல்லாமே தடுத்துடும். டியூப்லைட்டை வீட்டுக்குள்ள கொண்டுபோனா அணைஞ்சு போறது அதனாலதான்.

அதனாலேயே கேன்சர் ஆராய்ச்சி பண்ணினவங்க யாரும் மின்புலத்தைப் பெருசா எடுத்துக்கலை. அவங்க பார்த்தது காந்தப்புலத்தை. கம்பியில ஓடற கரண்ட்டால வர்றது, சுவரைத் தாண்டி உள்ள வரும். ஆக டியூப்லைட் வீடியோவுக்கும் கேன்சருக்கும் ஸ்நானப்ப்ராப்தி கூட கிடையாது.

இன்னொண்ணு, "கதிர்வீச்சு"ங்கற வார்த்தை. எக்ஸ்-ரேயும் கதிர்வீச்சு, கரண்ட் கம்பியும் கதிர்வீச்சுன்னு ஒரே மூட்டையில கட்டிடறாங்க. எக்ஸ்-ரே அணுவுல இருந்து எலக்ட்ரானைப் பிச்சு எடுக்கும், டி.என்.ஏ.வை உடைக்கும். நம்ம வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதோட அலைநீளம் 6,000 கிலோமீட்டர். கன்னியாகுமரியில இருந்து காஷ்மீர் வரைக்கும் இருக்கற தூரத்தைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. டி.என்.ஏ.வை உடைக்கத் தேவையான சக்தியில கோடி கோடியில ஒரு பங்கு கூட அதுக்கு இல்லை.

அப்ப கேன்சர் கதை எங்கிருந்து வந்துச்சு?

யாரோ வாட்ஸ்அப்புல கிளப்பி விட்ட கதையும் இல்லை இது. ஒழுங்கான விஞ்ஞானிகள் ஒழுங்கா எழுப்பின கேள்வி. அதனால அந்தக் கதையை முழுசாச் சொல்லணும்.

1979-ல அமெரிக்காவுல டென்வர் நகரத்துல நான்சி வெர்தைமர், எட் லீப்பர்னு ரெண்டு பேர் ஒரு கட்டுரை போட்டாங்க. கேன்சர்ல இறந்துபோன குழந்தைங்க இருந்த வீட்டுக்கு வெளிய போற மின்கம்பிகள் எப்படிப்பட்டதுன்னு பார்த்தாங்க. அதிகக் கரண்ட் ஓடற மாதிரியான கம்பிகள் பக்கத்துல இருந்த வீடுகள்ல கேன்சர் கூடுதலா இருந்ததாச் சொன்னாங்க. அவங்க காந்தப்புலத்தை அளந்து முடிவு கட்டலை. கம்பியோட தடிமன், தூரம் இதை வச்சு ஊகிச்சதுதான். பத்து வருஷம் கழிச்சு, 1989-ல பால் பிராடர்ங்கற பத்திரிகையாளர் நியூயார்க்கர்ல தொடர் எழுதி, புத்தகமும் போட்டார். அமெரிக்கா முழுக்கப் பீதி.

அடுத்து சுவீடன். 1992, 93-ல மரியா ஃபெய்க்டிங்கும் ஆண்டர்ஸ் ஆல்போமும் வெளியிட்ட ஆய்வு. 220, 400 கிலோவோல்ட் லைன்கள்ல இருந்து 300 மீட்டருக்குள்ள 1960 முதல் 1985 வரைக்கும் குடியிருந்தவங்களை எடுத்துக்கிட்டாங்க. குழந்தைகளுக்கு வர்ற ரத்தப் புற்றுநோய் அதிகக் காந்தப்புலம் இருந்த வீடுகள்ல சுமார் இரண்டரை மடங்குக்கு மேல. கேட்கவே பயமா இருக்கா? அந்த இருபத்தஞ்சு வருஷத்துல அத்தனை பேர் மத்தியில ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைங்க மொத்தம் 39 பேர். அதுல அதிகக் காந்தப்புலம்னு வகைப்படுத்தின வீடுகள்ல இருந்தவங்க 7 பேர். ஏழு பேரை வச்சு ஒரு முடிவுக்கு வர்றது எவ்வளவு கஷ்டம்னு புள்ளியியல் பேப்பர்ல அரியர் வச்சவனுக்குக் கூடத் தெரியும் ;-)

இந்தப் பிரச்சினைக்காகத்தான் 2000-ல அதே ஆல்போம் தலைமையில ஒன்பது ஆய்வுகளோட மூலத் தகவலை ஒண்ணாச் சேர்த்தாங்க. நோய் வந்த குழந்தைங்க 3,247 பேர், ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான குழந்தைங்க 10,400 பேர். 0.4 மைக்ரோடெஸ்லாவுக்குக் கீழ எந்தக் கூடுதல் ஆபத்தும் தெரியலை. 99 சதவீதத்துக்கும் மேல குழந்தைங்க இந்தக் கூட்டம்தான். அதுக்கு மேல இருந்த சின்னக் கூட்டத்துல ஆபத்து ரெண்டு மடங்குன்னு வந்துச்சு. அந்தக் கூட்டத்துல நோய் வந்தவங்க 44, வராதவங்க 62.

இதை வச்சுத்தான் உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002-ல இந்தக் காந்தப்புலத்தை "2பி"ங்கற வகையில போட்டது. "மனுசனுக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம்." நம்ம யூடியூப் அண்ணாச்சிங்க பிடிச்சுக்கற வரி இதுதான். "பார்த்தீங்களா, உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சு!"

அந்த "இருக்கலாம்"ல நிறைய விஷயம் இருக்கு. இந்த வகைப்பாடு ஆபத்தோட அளவைச் சொல்றது கிடையாது, ஆதாரம் எவ்வளவு உறுதின்னுதான் சொல்லுது. அதே 2பி வகையில ஆசிய நாடுகள்ல போடற காய்கறி ஊறுகாய் இருக்கு. கற்றாழை இலையை முழுசா அரைச்சு எடுக்கற சாறு இருக்கு. காபி கூட 2016 வரைக்கும் அந்த லிஸ்ட்ல இருந்துச்சு, அப்புறம் எடுத்துட்டாங்க. காலையில கற்றாழை ஜூஸ் குடிச்சுட்டு, மத்தியானம் ஹெச்.டி. லைனைப் பத்தி வீடியோ போடற ஆளுங்களை எனக்கு நேர்லயே தெரியும்.

2005-ல இங்கிலாந்துல ஜெரால்ட் டிரேப்பர் குழுவோட ஆய்வு வந்துச்சு. லைன்ல இருந்து 200 மீட்டருக்குள்ள பிறந்த குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் கூடுதல். சரி. ஆனா 200-ல இருந்து 600 மீட்டர் வரைக்கும் கூட லேசாக் கூடுதல்! அந்தத் தூரத்துல லைனோட காந்தப்புலம் ஒண்ணுமே இருக்காது, வீட்டுக்குள்ள இருக்கற ஒயரிங்கே அதை விட அதிகம் தரும். ஆய்வு செஞ்சவங்களே இதுக்குக் காந்தப்புலம் காரணமா இருக்க முடியுமான்னு சந்தேகப்பட்டாங்க. 2014-ல அதே ஆய்வை இன்னும் பல வருஷத் தகவல் சேர்த்துத் திரும்பப் பண்ணினப்ப, பழைய பத்தாண்டுகள்ல தெரிஞ்ச அந்தக் கூடுதல் பின்னாடி வந்த பத்தாண்டுகள்ல கரைஞ்சே போச்சு. கம்பி அங்கேயேதான் இருக்கு. அதுல ஓடற கரண்ட்டும் நிக்கலை. காந்தப்புலம்தான் காரணம்னா, நோய் மட்டும் எப்படிக் குறையும்? லைன் ஓரம் குடியிருக்கறவங்க யாரு, அவங்க எப்படி மாறினாங்கங்கற மாதிரி வேற ஏதோ காரணம்னுதான் தோணுது.

இப்ப நேர்மையா மறுபக்கம். "ஆபத்து பூஜ்யம்"னு நான் சொல்லலை, சொல்லவும் முடியாது. ரெண்டு மடங்குங்கற அந்தச் சின்னக் கூட்டத்துப் புள்ளி இன்னும் முழுசா விளக்கப்படலை. உலக சுகாதார நிறுவனம் 2007-ல ஒரு கணக்குப் போட்டது. ஒருவேளை காந்தப்புலம்தான் காரணம்னே வச்சுக்கிட்டாலும், உலகம் முழுக்க வருஷத்துக்கு 100-ல இருந்து 2,400 குழந்தைகள் வரைக்கும் பாதிக்கப்பட்டிருக்கலாம்னு. அதனால புது லைன் போடும்போது குறைஞ்ச செலவுல காந்தப்புலத்தைக் குறைக்க வழி இருந்தா செய்ங்கன்னு சொன்னது. நியாயமான பேச்சு. பீதியும் இல்லை, அலட்சியமும் இல்லை.

ஒரு அளவுக்கு வச்சுக்குங்க: பொதுமக்களுக்குன்னு சர்வதேச அமைப்பு 2010-ல வச்ச வரம்பு 200 மைக்ரோடெஸ்லா. பெரிய லைனுக்கு நேர் கீழ நின்னா பொதுவா சில மைக்ரோடெஸ்லா, சில நேரம் பத்து இருபது. நூறு மீட்டர் தள்ளிப் போனா வீட்டுல சாதாரணமா இருக்கற அளவோட கலந்துடும். முடி காய வைக்கற டிரையரைத் தலைக்கு ஒட்டிப் பிடிச்சா சில மாடல்கள்ல நூத்துக்கணக்குல போகும். "டிரையர் அஞ்சு நிமிஷம், வீடு இருபத்தி நாலு மணி நேரமாச்சே"ன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி. அதனாலதான் டிரையரை வச்சு நான் தீர்ப்புச் சொல்லலை. இந்த நம்பர்கள் எந்த ரேஞ்சுல இருக்குன்னு காட்டத்தான் அது.

இந்தப் பயத்துக்கு யாரு விலை கொடுக்கறா?

"சரிப்பா, பயந்தா என்ன கெட்டுப்போச்சு? ஜாக்கிரதையா இருக்கறது நல்லதுதானே?"ன்னு கேக்கற நல்லவங்களுக்கு இந்தப் பகுதி.

எங்க தூரத்துச் சொந்தத்துல ஒரு அக்கா. குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய்னு கண்டுபிடிச்சு, வாரம் ஒரு தடவை கோயமுத்தூருக்கு பஸ் ஏறிட்டிருந்தாங்க. வீட்டுக்கு எண்பது தொண்ணூறு மீட்டர் தள்ளி ஒரு 110 கிலோவோல்ட் லைன் போகுது. பார்க்க வந்தவங்க ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லிட்டாங்க, "அந்த லைனுதான் காரணம், உங்களுக்கு இடமா கெடைக்கல?" அந்த அக்கா என்கிட்ட கேட்டது: "அந்த வீட்டைக் கட்டி நாங்களே எங்க புள்ளைக்கு இதை வர வச்சுட்டமா தம்பி?"

இதுக்கு என்ன பதில் சொல்வீங்க? வருஷத்துக்கு லட்சம் குழந்தைகள்ல நாலஞ்சு பேருக்கு இந்த நோய் வருது. லைனே இல்லாத ஊர்லயும் வருது. பெரும்பாலும் ஏன் வந்துச்சுன்னு டாக்டராலயே சொல்ல முடியாது. நான் அதைத்தான் சொன்னேன். 0.4 கணக்கைச் சொன்னேன், நூறு மீட்டர் கணக்கைச் சொன்னேன். அக்கா தலையாட்டினாங்க. ஆனா அந்தக் குற்ற உணர்ச்சியை அவங்க மனசுல ஆணி அடிச்ச மாதிரி இறக்கினவங்க யாரும் திரும்ப வந்து பிடுங்கப் போறதில்லை. வைத்தியச் செலவுக்கு வீட்டை விக்கலாம்னு போனா, அதே கதையைச் சொல்லி புரோக்கர் மூணுல ஒரு பங்கு விலையைக் குறைச்சுக் கேட்டார். கேன்சர் வரும்னு சொன்ன அந்த மனுசன், அதே வீட்டை இன்னொரு குடும்பத்துக்கு விக்கும்போது இதைச் சொல்லுவாருங்கறீங்க?

இதுல ஒரு கூட்டம் காசும் பார்க்குது. மீட்டர் பெட்டியில ஒட்டற "கதிர்வீச்சுத் தடுப்பு" ஸ்டிக்கர், நடுவீட்டுல வைக்கற செம்புப் பிரமிடு. 50 சுற்றுக் காந்தப்புலத்தை ஒரு ஸ்டிக்கர் தடுக்கும்னா, டிரான்ஸ்பார்மர் கம்பெனிக்காரன் எதுக்குடா டன் கணக்குல இரும்பு வாங்கறான்?

காட்டுக்காரங்க தோத்த கதை

எனக்கு நிஜமாவே வயித்தெரிச்சல் இங்கதான்.

எங்க மாமா தென்னந்தோப்பு வழியா ஒரு லைன் போகுது. கோபுரத்துக்குக் காலடி நிலம் போச்சு. கம்பிக்குக் கீழ இருந்த தென்னை எல்லாம் வெட்டியாச்சு, இனி அந்தப் பட்டையில உசரமான மரம் எதுவும் வைக்க முடியாது. 110 கிலோவோல்ட்டுக்கு 22 மீட்டர் அகலம், 220-க்கு 35 மீட்டர்னு இந்தப் பட்டைக்குக் கணக்கு இருக்கு. நிலம் பேருக்கு மாமாவோடது. பேங்க்ல கடன் கேட்டா மேனேஜர் கம்பியைப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்குறார்.

எந்தச் சட்டத்துல இதெல்லாம் நடந்துச்சு தெரியுமா? 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டத்தோட 164-வது பிரிவு, லைன் போடறவங்களுக்கு 1885-ம் வருஷத்து டெலிகிராப் சட்டத்து அதிகாரத்தைத் தர வழி வச்சிருந்தது. வெள்ளைக்காரன் தந்திக் கம்பம் நட எழுதின சட்டம். நம்ம நாட்டுல தந்தி சேவையையே 2013-ல மூடியாச்சு. அப்புறமும் அதே சட்டத்தைக் காட்டித்தான் 2018-ல காட்டுக்குள்ள போலீஸோட வந்து கோபுரம் நட்டாங்க. நிலத்தைக் கையகப்படுத்தறதில்லை, "பயன்பாட்டு உரிமை" மட்டும்தான்னு பேரு. அதனால கையகப்படுத்தலுக்கு உண்டான இழப்பீடும் கிடையாது.

2015-ல மத்திய மின்துறை ஒரு வழிகாட்டுதல் போட்டது. கோபுரக் காலடி நிலத்துக்கு மதிப்புல 85 சதவீதம், கம்பிக்குக் கீழ போற பட்டைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூன்ல அதைத் திருத்தி, காலடிக்கு 200 சதவீதம், பட்டைக்கு 30 சதவீதம்னு ஏத்தினாங்க. பேப்பர்ல. நிலமதிப்பை எந்த ரேட்ல போடறாங்க, அரசாங்க வழிகாட்டி மதிப்பா, சந்தை விலையா, இதுலதான் விவசாயியோட சோறு இருக்கு.

இன்னொரு விஷயம். அதே புகளூர்ல இருந்து திருச்சூருக்குப் போற 320 கிலோவோல்ட் லைன், கேரளாவுக்குள்ள கடைசிப் பகுதியில சாலையோரமா மண்ணுக்கு அடியில கேபிளாப் போகுது. "அங்க முடியுது, இங்க ஏன் முடியாது?"ன்னு எங்க ஆளுங்க கேட்டது சூப்பரான கேள்வி. 800 கிலோவோல்ட்டுக்குக் கேபிள் போடறது அதை விடப் பல மடங்கு கஷ்டம், செலவுன்னு பதில் சொல்லலாம். அப்ப எவ்வளவு செலவு, அந்தச் செலவை மிச்சம் பிடிச்சது யாரு, இழந்தது யாருன்னு அடுத்த கேள்வி கேக்கலாம். அதிகாரிங்க வியர்த்து ஊத்தற மாதிரியான கேள்விங்க.

ஆனா மைக் பிடிச்ச பாதிப் பேர் என்ன பேசினாங்க? கேன்சர். மலட்டுத்தன்மை. கதிர்வீச்சு.

அதிகாரிக்கு இதை விட வசதி வேற என்ன வேணும்? இழப்பீட்டைப் பத்திக் கேட்டா அவர்கிட்ட பதில் இல்லை. கேன்சரைப் பத்திக் கேட்டா ஒரு நிபுணரைக் கூட்டிட்டு வந்து உட்கார வைப்பார். அவர் வரம்பு 200, இங்க இருக்கறது பத்துன்னு மீட்டரைக் காட்டுவார். "அறிவியல்பூர்வமான ஆதாரம் எதுவுமில்லை"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவார். இழப்பீடும் அந்தச் சத்தத்துல அடிபட்டுப் போகும். "இவங்க எதுக்கெடுத்தாலும் இப்படித்தான்யா"ன்னு சிட்டியில இருக்கறவன் டிவியை மாத்துவான்.

அதுவும் அந்த ராய்கர்-புகளூர் லைன் டி.சி. லைன். நேர் மின்னோட்டம். அதோட காந்தப்புலம் மாறாம அப்படியே நிக்கறது, பூமியோட காந்தப்புலம் மாதிரி. மேல நான் சொன்ன டென்வர், சுவீடன், இங்கிலாந்து ஆய்வுகள் எல்லாம் ஏ.சி. லைன் பத்தினது. அதைக் கொண்டாந்து டி.சி. லைன் மேல ஏவினா முதல் பால்லயே அவுட். நல்ல கேஸ், கெட்ட வக்கீல் கதை.

"ஒண்ணுமே ஆகாது, பயப்படாதீங்க"ன்னு சிரிக்கற அதிகாரிக்கும் ஒரு வார்த்தை. பெரிய லைனுக்குக் கீழ எர்த் இல்லாத இரும்பு வேலியைத் தொட்டா சுருக்குன்னு அடிக்கும், டிராக்டரைத் தொட்டாக் கூட. அது கற்பனை இல்லை, உங்க பாடப்புத்தகத்துலயே இருக்கு. லைனுக்கு நேர் கீழ வேலை செய்யற ஆளு உடம்புல பேஸ்மேக்கர் இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுக்கணும். இதை எல்லாம் தமிழ்ல ஒரு நோட்டீஸ் அடிச்சு விவசாயி கையில கொடுக்க என்ன கேடு? நீங்க சொல்லாம விட்ட அந்த இடத்துலதான் யூடியூப்காரன் நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டான்.

கொல்றது எது?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் விபத்துச் சாவு கணக்கு வெளியிடுது. 2018-ல இருந்து எந்த வருஷத்தை எடுத்துப் பார்த்தாலும், இந்தியாவுல மின்சாரம் தாக்கிச் செத்தவங்க 12,000-க்கு மேல. ஒரு நாளைக்கு முப்பது பேருக்கும் மேல. மேல சொன்ன உலக சுகாதார நிறுவனக் கணக்கை ஞாபகம் வச்சிருக்கீங்களா? உலகம் முழுக்க, அதுவும் "ஒருவேளை காரணம்னா", அதிகபட்சம் 2,400 பேருக்கு நோய். இங்க ஒரே நாட்டுல, எந்த "ஒருவேளை"யும் இல்லாம, 12,000 சாவு.

2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் பக்கம் களிமேடு. அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில பட்டு 11 பேர் செத்தாங்க, குழந்தைங்களும் சேர்த்து. 2017 நவம்பர் 1, சென்னை கொடுங்கையூர். மழைத்தண்ணியில கிடந்த கரண்ட் கம்பியை மிதிச்சு ரெண்டு சின்னப் பொண்ணுங்க. 2023 நவம்பர், நான் இருக்கற இதே பெங்களூர்ல, நடைபாதையில கிடந்த கம்பியை மிதிச்சு ஒரு அம்மாவும் ஒன்பது மாசக் கைக்குழந்தையும். இதெல்லாம் பேப்பர்ல பெருசா வந்ததுங்க. அலுமினியத் தொரட்டியில தேங்காய் பறிக்கப் போய்ச் செத்தவர், போர்வெல் பைப்பைத் தூக்கி நிறுத்தும்போது செத்தவர், மொட்டை மாடியில சென்ட்ரிங் கம்பியைத் திருப்பும்போது செத்த கொத்தனார் எல்லாம் அஞ்சாம் பக்கத்துல நாலு வரி.

இதுக்கு விதி இருக்கு. 33 கிலோவோல்ட் வரைக்கும் கட்டடத்துக்கு மேல கம்பி 3.7 மீட்டர் உயரத்துல இருக்கணும். பக்கவாட்டுல 11 கிலோவோல்ட்டுக்கு 1.2 மீட்டர், 33-க்கு 2 மீட்டர் தள்ளி இருக்கணும். தெருவைத் தாண்டற உயரழுத்தக் கம்பி தரையில இருந்து 6.1 மீட்டர். உங்க தெருவுல போய் அண்ணாந்து பாருங்க. பழைய ரோட்டைச் சுரண்டாம மேல மேல தார் போட்டே தரை உசந்துக்கிட்டு வருது. கம்பியோ வருஷா வருஷம் தொய்ஞ்சுக்கிட்டு வருது. நடுவுல நம்மாளு பால்கனியை ரெண்டடி வெளிய இழுத்துக் கட்டறான். அதே ஆளுதான் எனக்கு போன் போட்டு, அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கற கோபுரத்தால கேன்சர் வருமான்னு கேக்கறான். ஸ்ஸ்ஸப்பா...

என்ன பண்ணலாம்?

சும்மா திட்டிட்டுப் போனா பதிவுக்கு மரியாதை இல்லை. அதனால,

1. வீடோ மனையோ வாங்கறீங்களா? லைன் எத்தனை கிலோவோல்ட், மனைக்கும் கம்பிக்கும் எவ்வளவு இடைவெளி, அந்தப் பட்டைக்குள்ள உங்க மனை வருதான்னு எழுத்துல கேளுங்க. பட்டைக்கு வெளியன்னா கேன்சரை நினைச்சுத் தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம். பட்டைக்கு உள்ளன்னா, எவ்வளவு சல்லிசாக் கொடுத்தாலும் வேண்டாம். காரணம் காந்தப்புலம் இல்லை, அறுந்து விழற கம்பி.

2. தெருவுல தொங்கற கம்பி, சாய்ஞ்ச கம்பம், திறந்து கிடக்கற மின்பெட்டி பார்த்தா போட்டோ எடுத்து மின்னகத்துல புகார் கொடுங்க. புகார் எண்ணை வாங்கி வச்சுக்குங்க. ஒரு வாரத்துல நடக்கலைன்னா அதை வச்சுப் பதிவு போடுங்க, நான் சேர்ந்து கத்தறேன்.

3. தேர், சப்பரம், மைக்செட் கம்பம்னு ஊர்த் திருவிழா எதுவானாலும் முன்கூட்டியே ஈ.பி. ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து லைனை நிறுத்தச் சொல்லுங்க. சாமி கோவிச்சுக்காது.

4. உயர்மின் கோபுரப் போராட்டத்தை ஆதரிக்கறீங்களா? நானும்தான். இழப்பீட்டு ரேட்டு, மாற்றுப் பாதை, சாலையோரக் கேபிள், நிலத்துல கை வைக்கறதுக்கு முன்னால கேட்கற நடைமுறை, இதைப் பேசுங்க. டியூப்லைட்டை வீட்டுலயே விட்டுட்டு வாங்க.

5. "ஹெச்.டி. லைன் கேன்சர்" பார்வர்டு வந்தா, அனுப்பினவர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: எத்தனை மீட்டர் தூரம், எத்தனை மைக்ரோடெஸ்லா? பதில் வராது. பரவாயில்லை, அடுத்த தடவை அனுப்பறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிப்பார்.

மாமா போன வாரம் போன் பண்ணினார். கோபுரத்துக்குப் பக்கத்துல போட்டிருக்கற கம்பிவேலி சுருக்குன்னு அடிக்குதாம். "இதுக்கும் கேன்சருக்கும் சம்பந்தம் இருக்கா மாப்ள?"ன்னார். இல்லை மாமா, வேலிக்கு அங்கங்க எர்த் அடிங்க, அடிச்சுத் தரச் சொல்லி லைன்காரங்களுக்கு எழுதிக் கொடுங்கன்னேன். மனு நான்தான் எழுதினேன். பதில் இன்னும் வரலை. வந்தாலும் வராட்டியும் அடுத்த பதிவுல சொல்றேன்.

டிஸ்கி: நான் எந்தக் கரண்ட் கம்பெனிகிட்டயும் காசு வாங்கலை. வாங்கியிருந்தா இந்நேரம் ஜாவா ஆணி புடுங்கிட்டு இருப்பேனா? திட்டறவங்க பின்னூட்டத்துல தாராளமாத் திட்டலாம், கிலோவோல்ட்டும் மீட்டரும் போட்டுத் திட்டினா பதிலும் உண்டு :-)